வீட்டுல கிரிஸ்பி பிரெட் சிக்கன்: 826 ரூபாய் டின்னர் 270-க்கு வந்த கதை

இன்னைக்கு ஒரு ரெசிபியும் ஒரு கடன் கணக்கும் சேர்த்துப் பார்க்கப் போறோம்.

ஐடி ரிட்டர்ன் சீசன்ல நம்ம கள்ளக்குறிச்சி ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். சொந்த ஊர் கல்வராயன் மலை, வெள்ளிமலை பக்கம். வேலை சென்னையில். கையில் வர்ற சம்பளம் 31,000. அவங்க வீட்டில் மாதச் சம்பளம் வாங்குற முதல் ஆள் அவர்தான். காலேஜ் படிக்கிற தம்பியையும் கூடவே வெச்சுப் பார்த்துக்கிறார்.

ஃபார்ம் 16-ல எந்தப் பிரச்சினையும் இல்லை. பேங்க் ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தப்பதான் விஷயம் தெரிஞ்சது. கிரெடிட் கார்டுல 30,000 ரூபாய் பாக்கி. மாசாமாசம் மினிமம் டியூ 1,500 மட்டும் கட்டிட்டு வர்றார். ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் அதே கார்டுல ஃபுட் ஆப் ஆர்டர். ஊர்ல அம்மாவுக்கு மாசம் 3,000 அனுப்பிட்டிருந்தது நாலு மாசமா நின்னுபோச்சு.

"அண்ணா, அந்த கிரிஸ்பி சிக்கன் ஒண்ணுதான் எங்களுக்கு வாரத்துல ஒரு சந்தோஷம். அதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க" என்றார்.

நிறுத்தச் சொல்லலை. ரூமிலேயே செய்யச் சொன்னேன். (அவர் சம்மதத்தோடதான் எழுதுறேன், பெயர் வேண்டாம்.)

முதல்ல பில்லைப் பிரிப்போம்

ரெண்டு பேருக்கான ஆர்டர். சிக்கன் 700, பேக்கிங் 30. இந்த 730-க்கு 5% ஜிஎஸ்டி 36.50. டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம் ரெண்டும் சேர்த்து 50, அதுக்கு 18% ஜிஎஸ்டி 9 ரூபாய். (ஆப் மூலமா வர்ற டெலிவரிக்கு இந்த 18% வந்தது 2025 செப்டம்பர் 22 முதல்.) மொத்தம் 825.50, அதாவது 826.

இப்ப வீட்டுக் கணக்கு. எலும்பில்லாத பிராய்லர் நெஞ்சுக்கறி அரை கிலோ 190, பாதி பாக்கெட் பிரெட் 20, ரெண்டு முட்டை 13, மாவும் மசாலாவும் 12, எண்ணெய் 20, கேஸ் 8, எலுமிச்சை 7. மொத்தம் 270. கடையில வெட்டித் தர்ற கறி, பிரெட், முட்டை மூணுக்கும் ஜிஎஸ்டியே கிடையாது. விலை ஊருக்கு ஊர் மாறும், உங்க ஏரியா விலையைப் போட்டுப் பாருங்க.

வித்தியாசம் 556 ரூபாய். மாசம் நாலு சனிக்கிழமைக்கு 2,224.

செய்முறை: 45 நிமிஷம் போதும்

1. கறியைக் கடைக்காரரிடமே ஒரு செ.மீ. தடிமனுக்குப் பட்டையா வெட்டித் தரச் சொல்லுங்க. தடிமன் ஒரே மாதிரி இருந்தாதான் எல்லாத் துண்டும் ஒரே நேரத்துல வேகும். மலையிலிருந்து அம்மா நாட்டுக்கோழி கொடுத்து விட்டா, அதைக் குழம்புக்கு வெச்சுக்கோங்க. அந்தக் கறி மெதுவா ரொம்ப நேரம் வேகணும், இந்த வேகமான பொரியலுக்கு ஒத்துவராது.

2. உப்பு, மிளகாய்த்தூள், மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு போட்டுப் பிசறி 20 நிமிஷம் வைங்க.

3. அதுக்குள்ள ஆறு துண்டு பிரெட்டை உதிர்த்து, எண்ணெய் இல்லாத வாணலியில் சின்னத் தீயில் ஈரம் போற வரைக்கும் வறுங்க. ஆறினதும் மிக்ஸியில் ரெண்டு சுத்து. ரொம்ப நைஸா அரைச்சா மொறுமொறுப்பு வராது. பிரெட் க்ரம்ஸ் பாக்கெட் தனியா வாங்கத் தேவையில்லை.

4. மூணு தட்டு எடுங்க. ஒண்ணுல மாவு, ஒண்ணுல உப்பு போட்டு அடிச்ச முட்டை, ஒண்ணுல பிரெட் தூள். மைதா இல்லைன்னா நம்ம பக்கம் விளையுற மரவள்ளியோட மாவும் நல்லா வரும். கறித் துண்டை மாவுல புரட்டி, உதறி, முட்டையில் முக்கி, பிரெட் தூள்ல வெச்சு அழுத்துங்க. மாவு ஈரத்தை இழுக்கும், முட்டை ஒட்ட வைக்கும். வரிசை மாறினா மேல் கோட்டிங் எண்ணெயில் கழண்டுடும்.

5. கடாயில் அரை இஞ்ச் உயரத்துக்கு எண்ணெய், மிதமான தீ. ஒரு சிட்டிகை பிரெட் தூள் போட்டா உடனே பொரியணும், கருகக் கூடாது. ஒரு பக்கத்துக்கு மூணுலேர்ந்து நாலு நிமிஷம். ஒரே தடவையில் நிறையப் போட்டா எண்ணெய் சூடு இறங்கி, கறி எண்ணெயைக் குடிச்சிடும்.

6. தடிமனான துண்டை வெட்டிப் பாருங்க. உள்ளே ரோஸ் நிறம் இல்லாம, தண்ணி தெளிவா வந்தா வெந்துடுச்சு. பச்சைக் கறி வெட்டின கத்தியிலேயே வெங்காயம், வெள்ளரிக்காய் நறுக்காதீங்க. மீந்த முட்டையையும் தூளையும் மறுநாளைக்கு வைக்காதீங்க, கறி பட்டது அது.

இப்ப ஆடிட்

மாசம் 2,224 மிச்சம்னு சொல்லி இங்கேயே வீடியோவை முடிச்சிடலாம். ஆனா கணக்குல மூணு ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை: நீங்க நிஜமாவே ஆர்டர் பண்ணியிருப்பீங்களா? அன்னைக்கு ராத்திரி மாவு இருந்து தோசை சுட்டிருப்பீங்கன்னா, இந்தச் சிக்கன் 556 மிச்சம் இல்லை, 270 கூடுதல் செலவு. ஆர்டருக்குப் பதிலா செஞ்சா மட்டும்தான் மிச்சக் கணக்கு.

ரெண்டாவது: மீதிச் சரக்கு. பாதி பாக்கெட் பிரெட் பூசணம் பிடிச்சா 20 ரூபாய் 40 ஆகுது. மீதி பிரெட் ஞாயிறு காலை டிபனுக்குப் போகணும். பொரிச்ச எண்ணெயை வடிகட்டி வெச்சு ரெண்டொரு நாள்ல தாளிக்கத் தீர்த்துடுங்க.

மூணாவதுதான் பெரிய ஓட்டை: மிச்சமான 556 எங்கே போச்சு? அக்கவுண்ட்லயே கிடந்தா அடுத்த வாரம் வேற எதுலயோ கரைஞ்சிடும். அதனால அந்தத் தம்பிக்கு ஒரே ஒரு விதி சொன்னேன். சிக்கன் சாப்பிட்டுக் கை கழுவினதும், போன் எடுத்து 556 ரூபாயைக் கார்டுக்குக் கட்டணும். அன்னைக்கு ராத்திரியே.

எஸ்ஐபி-யில போடலாமேன்னு கேட்பீங்க. கார்டு வட்டி மாசம் 3.5%, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி. 30,000-க்கு வட்டி 1,050, ஜிஎஸ்டி 189, ஆக மாசம் 1,239 ரூபாய். அவர் கட்டுற 1,500-ல அசலுக்குப் போறது வெறும் 261. எந்த ஃபண்டும் இந்த வட்டியைத் தாண்டி வருமானம் தரும்னு நம்பி இறங்க முடியாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கார்டுல பழைய பாக்கி இருக்கும்போது, புதுசா வாங்குறதுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. சனிக்கிழமை ஆர்டர் பண்ணின சிக்கனுக்கு அன்னையிலிருந்தே வட்டி ஓடும்.

புதுச் செலவு எதுவும் கார்டுல போடாம மாசம் 1,500 மட்டும் கட்டினா, 30,000 தீர மூன்றரை வருஷத்துக்கு மேல ஆகும். அதோட சிக்கன் மிச்சம் 2,224 சேர்த்து 3,724 கட்டினா சுமார் 10 மாசம். சனிக்கிழமைச் சிக்கன் ஒரு வாரம்கூட நிற்கலை.

இப்ப அஞ்சு மாசம் ஆச்சு. போன வாரம் அந்தத் தம்பி ஊருக்கு வந்தவர், கச்சிராயபாளையம் வழியா மலை ஏறுறதுக்கு முன்னாடி ஆபீஸுக்கு வந்துட்டுப் போனார். பாக்கி 17,000-க்குப் பக்கத்துல வந்திருக்கு. "நடுவுல ஒரு சனிக்கிழமை மழை, சோம்பல்ல ஆர்டர் பண்ணிட்டேன்ணா" என்று அவரே ஒத்துக்கிட்டார். பரவாயில்லை. இந்தத் தடவை லீவுல அம்மாவுக்கும் பிரெட் சிக்கன் செஞ்சு தரப் போறாராம், கீழே பேக்கரியில பிரெட் வாங்கிப் பையில வெச்சிருந்தார். பாக்கி தீர்ந்த மறு மாசம், அந்த 3,724-ல முதல் 3,000 வெள்ளிமலைக்குப் போகணும்னு இப்பவே ஆட்டோ டிரான்ஸ்ஃபர் தேதி குறிச்சு வெச்சாச்சு.

நீங்களும் இந்தச் சனிக்கிழமை செஞ்சு பாருங்க. அதுக்கு முன்னாடி உங்க கார்டு ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து, போன மாசம் வட்டியும் ஜிஎஸ்டியும் எவ்வளவு போயிருக்குன்னு ஒரு தடவை பார்த்துடுங்க.