பழி அட்டையின் மீதா?

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாளில் முத்தாண்டிக்குப்பத்தில் உள்ள அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் படிக்கும் அவர் மகன் கணினியின் முன் முகம் வாடி அமர்ந்திருந்தான். விளையாட்டு தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் திரையெங்கும் பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள் தோன்றுகின்றன. பிறகு படம் அப்படியே உறைந்துவிடுகிறது. "கார்டு போயிடுச்சு மாமா. புதுசுதான் வாங்கணும்னு கடையிலே சொல்லிட்டாங்க" என்றான். கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது விசாரித்தபோது தெரிந்தது. அதுவோ, முந்திரி விற்ற பணத்தில் அக்காள் வாங்கித் தந்த பழைய அட்டை. விளையாட்டு மட்டுமென்றால் போகட்டும் என்று விடலாம். அவன் கற்கும் முப்பரிமாண அனிமேஷனுக்கும் அதுதான் ஆதாரம்.

கிராபிக்ஸ் கார்டு எனப்படும் இந்த வரைகலை அட்டை, கணினிக்குள் இருக்கும் இன்னொரு சிறு கணினி. தனிச் செயலி, தனி நினைவகம், தனி விசிறி அதற்கு உண்டு. அதற்கு இட்ட வேலை இரண்டு நொடிக்குள் முடியாவிட்டால், அது செயலற்றுவிட்டதாகக் கருதி விண்டோஸ் அதை மீட்டமைக்க முயலும். திரை ஒரு கணம் கறுத்து மீள்வது அதனால்தான். ஆகவே, திரை கறுப்பது அட்டை பதிலளிக்கத் தவறியதற்கான சான்றே தவிர, அது இறந்துவிட்டது என்பதற்கான சான்று அன்று. ஏன் தவறியது என்று கேட்க வேண்டும்.

முதலில் வெப்பத்தைச் சந்தேகித்தேன். கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்பே சதுரங்கள் தெரிந்தால் அட்டையே பழுது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இங்கோ இருபது நிமிடம் ஒழுங்காக ஓடிய பிறகே தெரிந்தன. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை எதிரே வைத்து விளையாடச் சொன்னேன். நாற்பது நிமிடம் தாண்டியும் படம் உறையவில்லை. சந்தேகம் உறுதியானது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களே அட்டையின் வெப்பநிலையைக் காட்டும். இவனுடையது 91 டிகிரியைத் தொட்டிருந்தது.

அட்டையைக் கழற்றிப் பார்த்தால், அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் செம்மண் புழுதி பஞ்சுபோலப் படிந்து கிடந்தது. எங்கள் பகுதியில் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தாலே போதும், ஒரு கோடைக்குள் இது நடந்துவிடும். மென்மையான தூரிகையால் துடைத்தோம். காற்றை ஊதும்போது விசிறி இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுழன்றால் விசிறியே கெடும். செயலிக்கும் தகட்டுக்கும் இடையில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து வெடித்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினோம். வெப்பநிலை 76 டிகிரிக்கு இறங்கியது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் தொலைபேசி அழைப்பு. இம்முறை சதுரங்கள் இல்லை. மாலை ஏழு மணிவாக்கில் கணினியே அணைந்து மீண்டும் தொடங்குகிறதாம். பக்கத்திலேயே நெய்வேலியில் அனல்மின் நிலையங்கள் இருந்தாலும், மாலையானால் இந்தத் தெருவில் விளக்குகள் ஒருமுறை மங்கிவிட்டுத்தான் எரியும். விளக்கடியில் இருட்டு என்பார்களே, அதுதான். மின்னழுத்தம் தாழும் அந்த நேரத்தில், விளையாட்டில் ஒரு பெருங்காட்சி வந்து அட்டை திடீரென அதிக மின்சாரம் கேட்டால், பழைய எஸ்எம்பிஎஸ் தாங்காது. மதர்போர்டின் செருகியிலிருந்து அட்டை பெறக்கூடியது 75 வாட் மட்டுமே. அதற்கு மேல் தேவையானது தனிக் கம்பிகள் வழியே வர வேண்டும். எட்டு முனைச் செருகி ஒன்றுக்கு 150 வாட் கணக்கு. இவன் அட்டையின் இரண்டு செருகிகளுக்கும் ஒரே கம்பியைக் கிளை பிரித்து மாட்டியிருந்தார்கள். தனித்தனிக் கம்பி மாட்டினோம், ஸ்டெபிலைசர் வைத்தோம். மூன்று முனைப் பிளக் இருந்தும் சுவரில் எர்த் இல்லை என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது.

டிரைவர் மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய பதிப்பு ஏற்றிய நாளிலிருந்து கோளாறு தொடங்கியிருந்தால், அதை முழுதாக நீக்கிவிட்டுப் பழைய பதிப்பை நிறுவினால் போதும்.

உண்மையிலேயே அட்டை இறப்பதும் உண்டு. 2008 ஜூலையில், மடிக்கணினிகளில் இருந்த தன் சில்லுகளின் பொதிவுப் பொருளில் பலவீனம் இருப்பதாக ஒப்புக்கொண்ட என்விடியா நிறுவனம், அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. பழுதான அட்டையை அடுப்பில் வைத்துச் சுட்டால் பிழைக்கும் என்ற வைத்தியம் பரவியதும் ஏறக்குறைய அக்காலத்தில்தான். சில நாள் பிழைக்கும், அவ்வளவே. சமையல் அடுப்பில் செய்தால் நச்சுப்புகைதான் மிச்சம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டபின், அதன் நாணயம் ஈட்ட இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்த அட்டைகள் பழைய சந்தைக்கு வந்தன. அவற்றையெல்லாம் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், பழைய அட்டை எதுவானாலும் அரை மணி நேரம் விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

அக்காள் மகனின் அட்டை இன்னும் ஓடுகிறது. மாதம் ஒருமுறை தூரிகை எடுக்கிறான். எர்த் போட எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியாயிற்று. அவர்தான் இன்னும் வந்தபாடில்லை.