விலையும் மனமும் – 9: எங்கே ஓடிவிடப் போகிறது?

ஏலத்தின் கடைசி விநாடிவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பவரின் காரணத்தைச் சென்ற வாரம் பார்த்துவிட்டோம். முந்திக் கேட்டால் விலை ஏறும், அவ்வளவுதான். ஆனால் விலை இன்னதென்று எழுதிவைத்த ஒரு பொருளை, கையில் பணமும் மனத்தில் ஆசையும் இருந்தும், வாங்காமல் 'வாட்ச் லிஸ்ட்'டில் குறித்து வைத்துவிட்டுப் போகிறவர் எதற்காகக் காத்திருக்கிறார்?

1995-ல் பியர் ஒமிட்யார் ஏலத்துக்கென்றே தொடங்கிய ஈபே, 2000-ல் 'பை இட் நவ்' என்ற வசதியைச் சேர்த்து, பின்னர் ஏலமே இல்லாத நிர்ணய விலை விற்பனைக்கும் இடமளித்தது. இன்று அங்கே பெரும்பகுதி வியாபாரம் நிர்ணய விலையில்தான் நடக்கிறது. ஏலம் முடியும் வேளையைத் தவறவிடாமல் இருப்பதற்குப் பயன்பட்ட குறித்துவைக்கும் பழக்கம் மாத்திரம், முடியும் வேளை என்ற ஒன்றே இல்லாத இடத்திலும் தொடர்ந்து வந்துவிட்டது. 2019 முதல் அங்கே நிர்ணய விலைச் சரக்குகள், விற்றுப்போகும் வரையிலோ விற்பவர் விலக்கிக்கொள்ளும் வரையிலோ, மாதந்தோறும் தாமாகவே புதுப்பிக்கப்படுகின்றன. பழைய கேமராக்களைச் சேகரிக்கும் என் நண்பர் ஒருவர், ஜெர்மன் கேமரா ஒன்றை ஏழு மாதம் இவ்விதம் குறித்து வைத்திருந்தார். ஏன் வாங்கவில்லை என்று கேட்டபோதெல்லாம், "அது எங்கே ஓடிவிடப் போகிறது?" என்பதே அவர் பதில். கெடு இல்லாத பொருள் தீர்மானத்தைக் கேட்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை.

ஆயினும் இது பாதி விடைதான். மீதியைத் தேடிப் புறப்பட்ட நான், 1673-ஆம் ஆண்டின் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், போய் நின்றுவிட்டேன். அங்கிருந்து திரும்பிவர இந்த வாரம் முழுவதும் மனமில்லை.

அந்நாளில் எடோவின் பெரிய ஜவுளி வியாபாரிகள் பிரபுக்களின் மாளிகைகளுக்குத் துணியை எடுத்துச் சென்று கடனுக்கு விற்பார்கள். பணம் வருஷத்துக்கு ஒரு முறையோ இரு முறையோதான் வரும். அந்தத் தாமதத்துக்கான வட்டியையும் வாராக் கடனின் நஷ்டத்தையும் முன்கூட்டியே விலையில் ஏற்றிச் சொல்வதும், ஏற்றியதைத் தெரிந்தே வாங்குகிறவர் குறைத்துக் கேட்பதும் சம்பிரதாயமாக இருந்தன. மட்சுசாகா என்ற ஊரிலிருந்து வந்த மிட்சுயி தகதோஷி, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, எச்சிகோயா என்ற கடையைத் திறந்து இந்தச் சம்பிரதாயத்தை அடியோடு மாற்றினார்: ரொக்கம் கொடுக்க வேண்டும், ஏற்றிச் சொல்லும் விலை கிடையாது. முழுத் துணியாகத்தான் விற்பது என்ற வழக்கத்தையும் விட்டு, வேண்டிய அளவு வெட்டிக் கொடுத்தார். ஆகவே சாமானியரும் கடைக்குள் நுழைந்தார்கள். எச்சிகோயா மழை நாளில் வாடிக்கைக்காரர்களுக்குக் கடையின் பெயர் பொறித்த குடைகளை இரவல் கொடுக்க, அவை ஊரெங்கும் அந்தப் பெயரைச் சுமந்து திரிந்தன என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. பிற்காலத்து மிட்சுகோஷி பேரங்காடியின் மூலம் இந்தக் கடைதான்.

எச்சிகோயாவின் வாடிக்கைக்காரர் நாளைக்கு வருகிறேன் என்று போவதில் லாபம் ஒன்றுமில்லை. நாளைக்கும் அதே விலை, அடுத்தவருக்கும் அதே விலை. இன்றைய இணையக் கடையிலோ நிர்ணய விலை என்பது பெயரளவில் நிற்கிறது. ஈபேயில் 2005-லேயே 'பெஸ்ட் ஆஃபர்' என்று, விற்பவர் இசைந்தால், குறைத்துக் கேட்கும் வழி திறந்துவிட்டது. அதற்கும் மேலே, ஒரு சரக்கைக் குறித்து வைத்திருப்பவர்களுக்கு விற்பவரே குறைந்த விலையை அனுப்பும் ஏற்பாடும் வந்துவிட்டது. குறித்து வைத்துப் பேசாமல் இருந்தவரைத் தேடித் தள்ளுபடி ஒரு முறை வந்துவிட்டால், மறுமுறை அவர் ஏன் உடனே வாங்குவார்? வாய் திறவாமலே நடக்கும் பேரம் இது. இதைச் சபல புத்தி என்றும் சோம்பல் என்றும் குறை சொல்லுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. விலையை உறுதியாக நிறுத்தாத வியாபாரியே இந்தப் பழக்கத்தைக் கற்பித்தவர்.

குறித்து வைத்தவர்களின் எண்ணிக்கையைக் கண்டு விற்பவர் என்ன நினைக்கிறார், அந்த எண்ணிக்கை அவரை எப்படி ஏமாற்றுகிறது என்பதை இந்த வாரமே எழுதுவதாக வாக்களித்திருந்தேன். இடத்தை எச்சிகோயா எடுத்துக்கொண்டதால் அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதற்குள் வாசகர்கள், ஓராண்டுக்கு மேலாகக் குறித்து வைத்து இன்னும் வாங்காத பொருள் எது, எந்த விலைக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் பெரிய உபகாரமாக இருக்கும். நண்பரின் கேமரா எட்டாம் மாதத்தில் விற்றுப்போயிற்று. வேறொருவர் முழு விலை கொடுத்து வாங்கிவிட்டார்.