ஈன்ற குதிரையும் சேணமும்

ஈன்ற பசுவுக்குப் பிண்ணாக்கும் தவிடும் பசும்புல்லும் தேடிக் கொடுத்து, அதனை அலையவிடாது பேணுதல் சுன்னாகத்தைச் சூழ்ந்த செம்மண் ஊர்களில் வழிவழி வந்த வழக்கமாகும். குதிரையின் நிலை வேறு. தொல்காப்பியர் பெட்டை என்னும் பெயருக்குரியதாக ஓதிய பெண்குதிரை, ஒருபாற் குட்டிக்குப் பாலூட்டவும் மற்றொருபால் மனிதனை முதுகிற் சுமக்கவும் வேண்டியதாகின்றது. இவ்விரு கடமைகளுக்கும் இடையே எத்துணைக் காலம் விடல் வேண்டும் என்பது ஆராயத்தக்கது.

இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கரையை அடைந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கடல்வழியாக ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்திறங்கியதையும், பேணும் முறை அறியாமையால் அவை மடிந்ததையும் குறித்துள்ளார். அங்கு உயர்ந்த குதிரைகளைச் சேர்த்தாலும் கால் கோணிய பயனற்ற குட்டியே பிறக்கும் என்றும் எழுதினார். இது நிலத்தின் குற்றமா, பேணுவார் குற்றமா? இதற்கு விடை கூறுவது நெடுந்தீவு. போர்த்துக்கேயர் காலத்தில் வந்தன என்று கூறப்படும் குதிரைகளை அங்கு ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்கினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அதிகாரியாகிய லெப்டினன்ட் நோலன் அவ்வளர்ப்பை நடத்தினார். குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. காவலர் நீங்கிய பின்னரும் அக்குதிரைகள் காட்டுநிலையில் ஈன்று பெருகியமையால், நிலத்தின் மீது பழி சுமத்துதல் பொருந்தாது.

குதிரையின் சூற்காலம் ஏறக்குறைய 340 நாள். ஈன்றபின் இளங்கொடி 3 மணி நேரத்துள் விழாவிடின் மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். ஈன்ற 5 முதல் 12 நாட்களுள் குதிரை மீண்டும் சினைப்பருவம் அடையும். இதனைக் கண்டு உடல் முற்றும் தேறிவிட்டது என மயங்குதல் தவறு. விரிந்த வயிற்றுத் தசையும் தளர்ந்த இடுப்புக் கட்டுகளும் இறுகுவதற்குப் பல கிழமை செல்லும்.

அதனினும் பெரிய சுமை பாலூட்டலாகும். 500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 10 முதல் 15 கிலோ வரை பால் சுரக்கும். அப்போது அதற்கு வேண்டிய உணவாற்றல், வேலையின்றி நிற்கும் குதிரைக்கு வேண்டியதன் இருமடங்கை அணுகும். நல்ல புல்லோடு, ஊறவைத்த கொள்ளு முதலிய புரதமுள்ள தீனியும் வேண்டும். தீனி குறையின் தாய் தன் உடலை உருக்கியே குட்டியை ஊட்டும். அந்நிலையிற் சேணமிடுதல் உருகும் உடல்மீது மற்றொரு சுமையை ஏற்றுதலாகும்.

எனினும், கட்டிவைத்தலும் நன்றன்று. குட்டியோடு திறந்த வெளியில் உலாவுதல் முதல்நாள் தொட்டே தாய்க்கு மருந்தாகும். நன்கு தேறிய குதிரையைச் சில கிழமைகளின் பின், வைத்தியர் இசைவுடன், குட்டி உடன்வரச் சிறிது தூரம் நடத்தலாம். முழுச் சவாரியைக் குட்டி பால் மறக்கும் 4 முதல் 6 மாதம் வரை ஒத்திவைத்தலே சிறந்தது. பால் மறக்கச் செய்தவுடன் தானியத்தைக் குறைத்து, மடிவீக்கம் வடியும்வரை காத்திருத்தல் வேண்டும்.

அதன்பின்னும் விரைதல் ஆகாது. முதல் 4 முதல் 6 கிழமை நடையே போதும். பின்னர்ச் சிற்றோட்டம், இறுதியிற் பாய்ச்சல். மூச்சும் தசையும் விரைவில் வலிமை பெறும். எலும்பும் தசைநாணும் பிந்தியே பெறும். குதிரை களைப்பின்றி ஓடுகின்றதென்று மகிழ்வோர், அதன் காலுக்குள் நிகழும் கேட்டைக் காணார். முதுகின் வடிவும் மாறியிருக்குமாதலாற் பழைய சேணம் பொருந்துகின்றதா என நோக்குதல் வேண்டும். நம் வெப்ப நாட்டிற் பயிற்சிக்கு உரிய பொழுது விடியலும் மாலையுமே.

2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பெட்டைக் குதிரைகளுக்குச் சேணமில்லை, சவாரியில்லை. வறட்சியில் அவற்றுக்கு வேண்டுவது தண்ணீரே. பாலூட்டும் தாய்க்கு அது மிகுதியாக வேண்டும். காட்டிற் கிடக்கும் தாய்க்கு நீரும், கட்டுத்தறியில் நிற்கும் தாய்க்குக் காலமும் அளித்தல், அவற்றின் முதுகிலேறிப் பயன்கொண்ட மனிதனின் கடனாம்.