மெடிக்கெயிட் அட்டையும் அயலிலுள்ள வைத்திய நிலையமும்

ஐக்கிய அமெரிக்காவில் வறியோருக்கென அரசு நடத்தும் வைத்தியக் காப்புறுதி மெடிக்கெயிட் எனப்படும். 1965 யூலை 30 ஆந் திகதி சனாதிபதி யோன்சன் கையொப்பமிட்ட சட்டத்தினால், முதியோருக்கான மெடிக்கெயர் காப்புறுதியோடு இதுவும் பிறந்தது. செலவைச் சமஷ்டி அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. கோடிக்கணக்கானோர் இதன் அட்டையைப் பெற்றுள்ளனர். எனினும் அவ்வட்டையை ஏற்கும் வைத்தியர் ஒருவரைத் தமது அயலிலே கண்டுபிடிப்பது அவர்களுட் பலருக்கு ஏன் இத்துணை கடினமாகின்றது என்பதே இங்கு நாம் ஆராய முற்படும் வினாவாகும்.

1951 தொடக்கம் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றுவரும் எமக்கு இவ்வினாவே விசித்திரமாகத் தோன்றலாம். எமது வெளிநோயாளர் பிரிவுகளிலே நெடுநேரம் காத்திருக்க நேரிடும். மருந்தை வெளியில் வாங்கும்படி துண்டு எழுதித் தரவுங் கூடும். ஆயினும் நோயாளரின் காப்புறுதி எதுவென்று வாசலில் எவரும் வினவுவதில்லை. அங்கோ அரசு பணங்கொடுக்கும் நிலையிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றது, சிகிச்சையளிப்போர் தனியார். மெடிக்கெயிட் நோயாளரை ஏற்கவேண்டுமென்ற சட்டக் கட்டாயம் தனியார் வைத்தியருக்கு இல்லை.

அவர்கள் தயங்குவதற்கு முதற் காரணம் கட்டணமே. 2019 இல் ஆரம்ப வைத்திய சேவைக்கு மெடிக்கெயிட் கொடுத்தது, சராசரியாக, மெடிக்கெயர் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்களவேயாம். 2010 ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் 2013, 2014 ஆகிய ஈராண்டுகளுக்கு இக்கட்டணத்தை மெடிக்கெயர் அளவுக்கு உயர்த்தியது. சமஷ்டிப் பணம் நின்றதும் மாநிலங்கள் பல பழைய நிலைக்குத் திரும்பின.

இதனோடு பட்டியற் சிக்கலும் சேர்கின்றது. பல மாநிலங்கள் மெடிக்கெயிட் நிருவாகத்தைத் தனியார் காப்புறுதிக் கம்பனிகளிடம் ஒப்படைத்துள்ளன. அவை வெளியிடும் வைத்தியர் பட்டியல்களில் இடம் மாறியோரும், ஓய்வு பெற்றோரும், புதிய நோயாளரை ஏற்காதோரும் காணப்படுவர். இவற்றைப் 'பேய் வலையமைப்பு' என அந்நாட்டவர் அழைப்பது பொருத்தமே. ஆதலால் "மெடிக்கெயிட் ஏற்கிறீர்களா?" என்று கேட்பது போதாது, தமது திட்டத்தின் பெயரைச் சொல்லி, அதிலுள்ள புதிய நோயாளரை இப்போது சேர்க்கிறார்களா, முதற் சந்திப்பு எத்தனை நாளில் கிடைக்கும் என்று தொலைபேசியில் ஒவ்வோரிடமாகக் கேட்டாகவேண்டும். நாட்கூலிக்காரருக்கு இது இலேசான காரியமன்று.

சட்டம் இதனை அறியாததன்று. பொதுமக்களுக்குக் கிடைக்கும் அளவுக்கேனும் சிகிச்சை கிடைக்கத்தக்கதாகக் கட்டணம் அமையவேண்டுமென 1989 இல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. ஆனால் அவ்விதியை நிறைவேற்றும்படி சேவை வழங்குவோர் வழக்காட முடியாதென 2015 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

உண்மையில் நம்பத்தக்க வாசல் வேறொரு வழியாகத் திறந்தது. 1965 இல் யக் கைகர், கவுண்ட் கிப்சன் ஆகிய வைத்தியர்கள் வறுமையொழிப்பு நிதியைக் கொண்டு பொஸ்ரனில் ஒரு சமூகச் சுகாதார நிலையத்தை நிறுவினர். மிசிசிப்பி மாநிலத்து மவுண்ட் பாயுவில் மற்றொன்று தொடர்ந்தது. அங்கே போசாக்கின்மையால் வாடிய பிள்ளைகளுக்கு உணவையே மருந்தாக எழுதிக்கொடுத்துச் செலவை மருந்துக் கணக்கிற் சேர்த்தனர் என்பது சுவையான செய்தி. இன்று இவ்வழிவந்த நிலையங்கள் 1,300 இற்கும் மேற்பட்ட அமைப்புகளாக நாடெங்கும் இயங்குகின்றன. மெடிக்கெயிட் நோயாளரை இவை ஏற்கின்றன. காப்புறுதி அற்றோரிடம் வருமானத்துக்கேற்பக் குறைத்த கட்டணமே பெறுகின்றன. பெரும்பாலானவற்றின் நிருவாகச் சபையில் நோயாளரே பெரும்பான்மையினராதல் வேண்டும். செலவை ஒட்டிய கொடுப்பனவை 1989 ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு உறுதிசெய்தமையால், ஏழை நோயாளர் இங்கு நட்டக் கணக்காக எண்ணப்படுவதில்லை. அட்டையோடு அலைவோர் முதலில் நாடவேண்டிய இடம் இதுவே என்பது எமது கருத்து.

எனினும் இந்நிலையங்களின் எல்லை ஆரம்பச் சிகிச்சையோடு பெரிதும் முடிகின்றது. இருதய வைத்தியரிடமோ தோல் வைத்தியரிடமோ அனுப்பப்படும் நோயாளர் மீண்டும் பட்டியலைக் கையிலெடுத்துத் தொலைபேசியருகே அமரவேண்டியவராகின்றார்.