கிண்ணம் நிறைய உமி... பட்டினியில் குஞ்சு! லவ் பேர்ட்ஸ் குஞ்சுகளுக்கான தீவன முறை

சந்தையில் இருந்து லவ் பேர்ட்ஸ் குஞ்சு ஒன்று வீட்டுக்கு வருகிறது. சின்னக் கிண்ணத்தில் தினை, இன்னொரு கிண்ணத்தில் தண்ணீர். இரண்டு நாள் குஞ்சு சுறுசுறுப்பாகக் கொத்துகிறது. மூன்றாம் நாள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்குகிறது. நான்காம் நாள் காலையில் கூண்டின் அடித்தட்டில் செத்துக் கிடக்கிறது. 'தினைதான் கிண்ணம் நிறைய இருக்கே, எப்படிச் செத்துச்சு?' என்று பிள்ளைகள் அழுகிறார்கள். கிண்ணத்தை லேசாக ஊதிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். பறந்து போவது அத்தனையும் உமி. அடியில் ஒரு மணி கூட இல்லை.

வீடுகளில் குஞ்சுகள் இறப்பதற்கு இந்த ஏமாற்றமும் ஒரு காரணம். இந்தப் பறவை தானியத்தை அலகிலேயே உரித்து, பருப்பை மட்டும் விழுங்கி, உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். பார்ப்பவருக்குத் தீவனம் குறையாதது போலத் தோன்றும். தினமும் இரண்டு வேளை உமியை ஊதிவிட்டு, புதுத் தானியம் போடுவதுதான் முதல் பாடம்.

எது லவ் பேர்ட்ஸ்?

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜிஸ் என்ற சின்னக் கிளி இனம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியில் கூட்டம் கூட்டமாகப் பறந்து, புல் விதைகளைத் தின்று வாழ்வது. வளர்ந்த பறவையின் எடை 30 முதல் 40 கிராம்தான். இதை வீட்டில் வளர்க்கத் தடையில்லை. ஆனால், தென்னை மரப் பொந்தில் இருந்து எடுத்து வளர்க்கும் நம் பச்சைக்கிளி, 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். கீழே விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு கிடைத்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும்.

அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள்

பட்ஜிஸ் குஞ்சு பிறந்து 30 முதல் 35 நாளில் பானையை விட்டு வெளியே வரும். வெளியே வந்துவிட்டது என்பதற்காகத் தானாகத் தின்னும் என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகும் ஒரு வாரம், பத்து நாள் வரை ஆண் பறவை இரையைக் கக்கி ஊட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்குவத்துக்கு முன்பே பிரித்து விற்கப்படும் குஞ்சு, கிண்ணத்தைக் கொத்தும். ஆனால், தானியத்தை உரித்து விழுங்கத் தெரியாது. ஆறு வாரம் முடிந்த பிறகு பிரிப்பதே பாதுகாப்பு.

வாங்கும்போது பத்து நிமிடம் நின்று பாருங்கள். குஞ்சு தானே தானியத்தை உரித்துத் தின்றால் மட்டும் வாங்கலாம். நெற்றியில் மூக்கு வரை வரிக்கோடுகள் இருப்பதும், கண் முழுக்கக் கறுப்பாக இருப்பதும் இளம் குஞ்சின் அடையாளங்கள்.

முதல் இரண்டு வாரம்

புது இடத்துக்கு வந்த குஞ்சுக்குப் பழகிய தீவனமே வேண்டும். விற்றவர் என்ன கொடுத்தார் என்று கேட்டு, அதையே தொடர வேண்டும். கிண்ணத்தில் மட்டும் போடாமல் கூண்டின் தரையில் தாள் விரித்து அதிலும் கொஞ்சம் தூவலாம். குஞ்சுகள் தரையில் பொறுக்கித் தின்னவே முதலில் பழகுகின்றன.

இந்தச் சமயத்தில் மிகவும் உதவுவது தினைக் கதிர். இயற்கையில் இந்தப் பறவைகள் முற்றாத புல் விதைகளையும் விரும்பித் தின்பவை. பால் பிடித்த பருவத்தில் ஒடித்த கதிர், குஞ்சின் அலகுக்கு மெத்தென்று இருக்கும். கொல்லையில் ஒரு பாத்தி தினை விதைத்தால் 80 முதல் 90 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பால் கதிரைப் பச்சையாகவும், முற்றிய கதிரைக் காய வைத்தும் கூண்டில் கட்டித் தொங்கவிடலாம்.

குஞ்சு தின்கிறதா என்பதை மூன்று வழிகளில் தெரிந்துகொள்ளலாம்.

மாலையில் அடையும் முன், கழுத்துக்குக் கீழே உள்ள இறகை ஊதி விலக்கிப் பார்த்தால் தீனிப்பை லேசாகப் புடைத்திருக்க வேண்டும். எச்சம் கெட்டியாக, வெள்ளை கலந்து இருக்க வேண்டும். அளவில் குறைந்து, கரும்பச்சையாக மாறினால் வயிறு காலி என்று பொருள். மூன்றாவது எடை. சமையல் தராசில் தினமும் காலையில், தீவனம் போடும் முன் நிறுத்துப் பார்க்கலாம். 30 கிராம் குஞ்சு 3 கிராம் குறைவது, 50 கிலோ ஆள் 5 கிலோ இளைத்ததற்குச் சமம். அன்றே கவனிக்க வேண்டும்.

தின்னாத குஞ்சை விற்றவரிடமே கொண்டுபோய்த் தாய், தந்தைப் பறவையோடு விடுவது நல்லது. முடியாவிட்டால் கூண்டின் ஒரு பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும்படி பல்பு வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாயைப் பிளந்து தண்ணீரோ பாலோ ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

தானியம் மட்டும் போதாது

குஞ்சு நன்றாகத் தின்னப் பழகிய பிறகு அடுத்த வேலை தொடங்குகிறது. வெறும் தினையும் கம்பும் கொடுத்தே வளர்த்தால் கொழுப்பு சேரும், ஈரல் கெடும். வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து, அயோடின் ஆகியவை பற்றாமல் போகும். அயோடின் குறைந்தால் தொண்டையில் கழலை வீங்கி மூச்சு வாங்கும். இளம் வயதில் பழகாத உணவை வளர்ந்த பிறகு எளிதில் தொடாது. ஆகவே, முதல் இரண்டு மூன்று மாதங்களிலேயே பலவிதத் தீவனத்தைப் பழக்கிவிட வேண்டும்.

தானியம்: உமியோடு கூடிய தினை, சாமை, பனிவரகு, குதிரைவாலி கலந்து ஒரு நாளைக்கு இரண்டு சிறு கரண்டி. சூரியகாந்தி விதை எப்போதாவது ஒன்றிரண்டு போதும். தானியம் பழசா, புதுசா என்று அறிய, 100 மணிகளை ஈரத்துணியில் முடிந்து முளைப்புச் சோதனை செய்யலாம். முளைக்காத தானியத்தில் சத்தும் குறைவு.

முளைதானியம்: தினை, கம்பு, பச்சைப் பயறு. இரவு ஊறவைத்து, கழுவி, துணியில் கட்டி, வெள்ளை முளை எட்டிப் பார்க்கும்போது ஒரு கரண்டி. வழவழப்போ வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். மீதியை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

கீரை, காய்: முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட். கீரையை நனைத்துக் கொத்தாகத் தொங்கவிட்டால் விளையாட்டாகக் கடிக்கத் தொடங்கும். பழுத்த மிளகாயும் தரலாம். பறவைக்குக் காரம் தெரியாது. கீரை தின்னட்டும் என்று தானியத்தை நிறுத்திப் பட்டினி போடவே கூடாது.

சுண்ணாம்புச் சத்து: நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டிவிடலாம். பறவைகளுக்கென விற்கும் அயோடின் சேர்ந்த தாதுக் கட்டியும் வைக்கலாம்.

விவசாயி வீட்டில் தனிக் கவனம்

விதை நேர்த்தி செய்து மிஞ்சிய விதையைப் பறவைக்குப் போடவே கூடாது. கழுவினாலும் பூஞ்சாணக்கொல்லி முழுவதும் போகாது. மருந்து அடித்த வயலின் கீரைக்கும் இதே விதிதான். பூசணம் பிடித்த மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் உருவாகும் அஃபிளாடாக்ஸின் நஞ்சு, இந்தச் சின்ன ஈரலை எளிதில் அழித்துவிடும். அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், உப்புப் பண்டம் ஆகியவையும் ஆகாது. அடுப்பங்கரையில் கூண்டை வைக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்து தீய்ந்தால் வரும் புகை, சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

பால் சோறு தரலாமா?
வேண்டாம். பால் பறவைக்குச் செரிக்காது. உப்பில்லாத வெறும் சோறு சில பருக்கைகள் தந்தால் கெடுதல் இல்லை.

முட்டை கொடுக்கலாமா?
நன்றாக வேகவைத்து உதிர்த்த முட்டை, அரைக் கரண்டி, வாரம் ஒன்றிரண்டு முறை தரலாம். வளரும் குஞ்சுக்கு நல்ல புரதம்.

கோழிக்குஞ்சுத் தீவனம் போடலாமா?
கூடாது. அது கோழியின் வளர்ச்சிக்கென்று கலக்கப்பட்டது, மருந்தும் சேர்ந்திருக்கலாம்.

நன்றாகக் கவனித்தால் ஏழெட்டு ஆண்டுகள் கூட இருக்கும் பறவை இது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கிண்ணத்தை ஊதும் வேலையை வீட்டுப் பிள்ளையிடமே கொடுங்கள். மிச்சம் இருப்பது தானியமா, உமியா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.