காலை எட்டரை மணிக் கணக்கு

2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னைப் பகுதியில் பெய்த மழையில் இரண்டு எண்கள் நம் மனதில் தங்கிவிட்டன: தாம்பரம் 49 செ.மீ., செம்பரம்பாக்கம் 47 செ.மீ. சண்டை என்னவோ செம்பரம்பாக்கம் ஏரியில் எப்போது, எவ்வளவு திறந்தார்கள் என்பதைச் சுற்றியே நடந்தது. நியாயமான சண்டைதான். ஆனால் அந்த உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். மூழ்கிய முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வந்த தண்ணீர். மதகைத் திறக்க ஆள் தேவைப்படாத இந்த வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, மணிமங்கலம் சுற்றுவட்டாரத்தில் மழை பெய்யும்போதே அதை அளந்தாக வேண்டும்.

அளக்காமல் இல்லை. வேலி போட்ட மூலையில் மழைமானி நிற்கும். காலை 8.30 மணிக்கு ஒருவர் புனலைக் கழற்றி, சேர்ந்த நீரை அளவுச் சாடியில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து நோட்டில் எழுதுவார். வருடக் கணக்குக்கு அருமையான முறை. வெள்ளத்துக்கு உதவாது. 10 செ.மீ. மழை இரவெல்லாம் நசநசத்தாலும், ஒன்றரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தாலும் நோட்டில் ஒரே எண்தான்.

தானியங்கி மழைமானியில் இரண்டு குட்டிக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டிவிடும். உடனே மற்றது புனலுக்குக் கீழே வந்து நிற்கும். அடுத்தடுத்த சாய்வுகளுக்கு நடுவே எத்தனை விநாடி என்று பார்த்தால் மழையின் வேகம் கிடைத்துவிடும்.

இந்த வேகத்தின் அருமையைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் கலிஃபோர்னியாக்காரர்கள். 2017 டிசம்பரில் 'தாமஸ்' காட்டுத்தீ அங்கே மலைகளை எரித்தது. செடிகொடி எரியும்போது எழும் மெழுகுப் பொருள் மண்ணில் இறங்கிப் படிந்தால், அந்த மண் நீரை உள்ளே விடாது. 2018 ஜனவரி 9 அதிகாலையில் மான்டசீட்டோ ஊரில் 5 நிமிடத்தில் சுமார் 13 மி.மீ. மழை. ஒரு நாள் கணக்கில் பார்த்தால் ஐப்பசியில் நாம் சட்டையே செய்யாத எண். பாறையும் சேறும் சரிந்து 23 பேர் இறந்தார்கள். எரிந்த மலைகளுக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் வகுக்கும் அபாய வரம்பு, 15 நிமிட மழையின் வேகத்தை வைத்துத்தான்.

நமக்குக் காடு எரிய வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் தார், கான்கிரீட், பேவர் பிளாக் என்று நாமே மண்ணை மூடிவிட்டோம். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 10 லட்சம் லிட்டர். இறங்க மண் இல்லாத தண்ணீர் தாழ்ந்த மனையைத் தேடிப் போகும். பெரும்பாலும் அது பழைய ஏரிப் புறம்போக்காகவோ வாய்க்காலாகவோ இருக்கும்.

கருவிகள் பெருகித்தான் வருகின்றன. சென்னைத் துறைமுக ரேடாருக்குத் துணையாகப் பள்ளிக்கரணையிலும் ஒன்று இயங்குகிறது. மாநிலமெங்கும் 1,400 தானியங்கி மழைமானிகள் வைக்கும் திட்டத்தை அரசு எடுத்தது. ஆனால் குடிமக்கள் கைக்கு வருவது இன்னமும் பெரும்பாலும் மாவட்டத்துக்கு ஓர் எச்சரிக்கை நிறம்தான். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். ரெட் அலர்ட் நாளில் மழை ஏமாற்றிவிட்டது. முடிச்சூர்க்காரருக்கு வேண்டியது வேறு தகவல்: ஆதனூருக்கு மேலே கடந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர், அது தன் தெருவுக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும்.