கிணற்றில் பார்த்த முகம்

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் சீனிவாசப் பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கி, அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் மகளுக்கு ராஜபாளையத்தில் கணக்கு எழுதும் வேலை. கூட இருக்கும் பையனுக்குத் தன்னைவிடச் சம்பளம் அதிகம் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தவள், டீ கைக்கு வந்ததும் சொன்னாள்: "ஆனா அத்தை, நான் ஒண்ணும் பெண்ணியவாதி கிடையாது."

அந்த 'ஆனா' எங்கிருந்து வந்தது என்று சொல்ல, ஒரு டீ போதவில்லை.

எல்லாம் சினிமாவிலிருந்துதான். 1972-இல் 'பட்டிக்காடா பட்டணமா'. லண்டன் படிப்புப் படித்த ஜெயலலிதாவைச் சோழவந்தான் சிவாஜி வழிக்குக் கொண்டுவருவார். 20 வருஷம் கழித்து 'மன்னன்'. முதலாளியம்மா விஜயசாந்தி கடைசியில் இல்லத்தரசி ஆவார். கதை அதேதான், அதை நம்மை ஏற்கவைத்த விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். தன் தொழிலைத் தானே நடத்துவது ஒரு குணம். எளியவரை மதிக்காதது வேறு குணம். படம் இரண்டையும் சேர்த்து ஒரே சட்டையாகத் தைத்து அவளுக்குப் போட்டுவிடும். பிறகு திமிரை அடக்குகிறேன் என்று சட்டையை உருவும்போது சுதந்திரமும் கூடவே போய்விடும். கதாநாயகன் கை ஓங்கும் முன்பே, ஓங்கமாட்டானா என்று தியேட்டர் காத்திருக்கும். நானும் கைதட்டினவள்தான், தாயி.

அப்படிக் கைதட்டிப் பழகியபின், உரிமை கேட்கிற பெண் என்றாலே அந்தச் சட்டைதான் கண்ணில் தெரியும். அதுதான் உன் 'ஆனா'.

"அப்ப நீலாம்பரி?" என்றாள். நல்ல கேள்வி. 1999-இல் 'படையப்பா' அவளை வில்லியாகத்தான் எழுதியது; அடக்கமான சௌந்தர்யாவுக்குத்தான் மாலை. ஆனால் பெண்கள் மனதில் தங்கியது நீலாம்பரியாக வந்த ரம்யா கிருஷ்ணன். காட்டியதை எல்லாம் அப்படியே விழுங்குகிறவர்கள் இல்லை நாம். இருந்தாலும் 18 வருஷம் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்ததும் ஓர் ஆணை நினைத்துத்தானே? எனக்கு அந்த வீரத்தில் முழுத் திருப்தி இல்லை.

முகத்தின் கதையும் இதேதான். 1975-இல் வந்த சிவப்பழகு க்ரீம், விளம்பரத்தில் பெண்ணை வேலைக்குக்கூட அனுப்பியது, நிறம் மாறிய பிறகு. 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்தார்கள். ட்யூப் கடையில் அதே இடத்தில்தான் தொங்குகிறது.

இரண்டாவது டீ வந்தது, காராச்சேவோடு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் கண்ணாடிக் கிணறு இருக்கிறதே, பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். தலையாட்டினாள். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, அந்தத் தண்ணீரில் தன் அழகைத் தானே பார்த்துக்கொண்டாள் ஆண்டாள் என்பது ஐதீகம். அழகுதானா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. பெரியாழ்வார் கண்டித்தார். பெருமாளோ, அவள் சூடியதுதான் வேண்டும் என்றாராம்.

அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் ஒவ்வொரு புரட்டாசியிலும், கருட சேவைக்காக, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிறது.